2147483647 ஏன் பகா எண்? பேப்பர் பேனா வச்சு நீங்களே செக் பண்ண ஒரு முழு வழிகாட்டி

2147483647. கம்ப்யூட்டர் கோடு எழுதுறவங்களுக்கு இந்த நம்பர் நல்லாவே பழக்கம், 32 பிட் சைன்டு இன்டீஜர்ல (ஒரு பிட் பிளஸ் மைனஸ் குறிக்கு போயிடுற முழு எண்) வைக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு, டேட்டாபேஸ்ல இன்ட் வகை நெடுவரிசை போட்டு வச்சு ஐடி நம்பர் இத தொட்ட அன்னிக்கு எல்லாம் நின்னு போன கதைய நிறைய பேர் கேட்டிருப்பீங்க. நம்ம கணக்குல 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது ஒரு பகா எண்ணும் கூடன்னு எல்லா இடத்துலயும் ஒரு வரி போட்டிருப்பாங்க, ஏன்னு மட்டும் யாரும் உக்காந்து காட்ட மாட்டாங்க. யாரோ சொன்னாங்கன்னு இத நம்ப வேண்டியதே இல்ல, பத்தாங்கிளாஸ் கணக்கு தெரிஞ்சா போதும், ஒரு சாதா கால்குலேட்டரோட நீங்களே பாத்துடலாம். அதோட இந்த நம்பரோட குணம் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஒரு சமன்பாட்டுல இருந்து வருது, அத புடிச்சுட்டா மிச்சம் எல்லாம் தானா வரும். பொறுமையா வாங்க.

ஸ்டெப் 1: நம்பர கட்டுறது

2ஐ பத்து தடவ பெருக்கினா 1024. அத ஸ்கொயர் பண்ணா 2^20 = 1048576. திரும்ப 1024ஆல பெருக்கினா 2^30 = 1073741824. இன்னொரு 2 போட்டா 2^31 = 2147483648, ஒண்ணு கழிச்சா நம்ம நம்பர். பைனரில எழுதினா வரிசையா 31 ஒண்ணு, நடுவுல ஒரு பூஜ்யம் கூட கிடையாது.

இனிமே நாம ஒரு தனி கணக்கு உலகத்துக்குள்ள வேலை பண்ணப்போறோம், எந்த விடை வந்தாலும் அத 2147483647ஆல வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கணும், கடிகாரத்துல 12 தாண்டினா திரும்ப 1ல ஆரம்பிக்கிற மாதிரி. இந்த உலகத்துல 2^31 எவ்ளோ? நம்ம நம்பர விட ஒண்ணு கூட, அதனால மீதி 1. அதாவது

2^31 = 1

இதுதான் அந்த ஒரே சமன்பாடு. தனியா எழுதி வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இத வச்சுத்தான் ஓட்டப்போறோம்.

ஸ்டெப் 2: அடுக்க பாருங்க

2^எதோ − 1ங்கிற வடிவத்துல இருக்கிற எண்ணுக்கு மெர்சென் எண்னு பேரு, 17ஆம் நூற்றாண்டுல இருந்த ஃபிரான்ஸ் நாட்டு துறவி மாரன் மெர்சென் நினைவா வச்சது. இந்த வகையில ஒரு எண் பகா எண்ணா இருக்கணும்னா மொதல்ல அந்த அடுக்கே பகா எண்ணா இருக்கணும். ஏன்னு ஒரு உதாரணத்துல காட்டிடலாம், 2^15 − 1 = 32767ஐ எடுத்துக்கோங்க. 15 = 3 × 5. 2^3 = 8, அத 7ஆல வகுத்தா மீதி 1. 2^15ங்கிறது 8ஓட அஞ்சாவது அடுக்கு, ஒண்ண எத்தன தடவ பெருக்கினாலும் ஒண்ணுதான், அதனால 2^15ஐ 7ஆல வகுத்தாலும் மீதி 1, அப்போ 7 கண்டிப்பா 32767ஐ வகுக்கும். 7 × 4681 = 32767, போட்டு பாருங்க.

இதே காரணத்தால 64 பிட் சைன்டு இன்டீஜரோட அதிகபட்ச மதிப்பான 2^63 − 1 பகா எண் இல்ல, 63ஐ 3 வகுக்கிறதால 7 அதுக்குள்ள ஒக்காந்திருக்கும். 8 பிட்டுக்கு 127 பகா எண், 16 பிட்டுக்கு 32767 இல்ல, 32 பிட்டுக்கு 2147483647 ஆமா, 64 பிட்டுக்கு திரும்ப இல்ல. கம்ப்யூட்டர் செஞ்சவங்க பகா எண் வேணும்னு தேடி வைக்கல, 31 பகா எண்ணா அமைஞ்சதால வந்த விஷயம்.

ஆனா அடுக்கு பகா எண்ணா இருந்தா மட்டும் போதாது, இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழுவாங்க. 11 பகா எண்தான், ஆனா 2^11 − 1 = 2047 = 23 × 89. அதனால 31 பகா எண்ங்கிறது நமக்கு கேட்ட தொறந்து விட்டிருக்கு, அவ்ளோதான், உள்ள போய் வேலை பாக்கணும்.

ஸ்டெப் 3: வகுக்கக்கூடிய எண் எந்த வடிவத்துல இருக்கணும்

சாதாரணமா ஒரு எண் பகா எண்ணான்னு பாக்க அதோட ஸ்கொயர் ரூட் வரைக்கும் இருக்கிற பகா எண்ணால எல்லாம் வகுத்து பாக்கணும். 46340ஐ ஸ்கொயர் பண்ணா 2147395600, 46341ஐ பண்ணா 2147488281, அதனால நமக்கு எல்லை 46340. அதுக்குள்ள 4700க்கும் மேல பகா எண் இருக்கு, கையால வகுத்தா வாழ்க்கை போயிடும். அதனால எதால வகுக்கவே வேணாம்னு மொதல்ல கண்டுபிடிப்போம், எனக்கு இந்த முழு கணக்குலயும் ரொம்ப புடிச்ச இடம் இதுதான்.

ப-ன்னு ஒரு பகா எண் நம்ம நம்பர வகுக்குதுன்னு வச்சுக்கோங்க. அப்போ 2^31ஐ ப-வால வகுத்தா மீதி 1. இன்னொரு பக்கம் ஃபெர்மாவோட சின்ன தேற்றம் என்ன சொல்லுதுன்னா, 2^(ப−1)ஐ ப-வால வகுத்தாலும் மீதி 1தான். இப்போ 2ஓட அடுக்குகள ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே போனா மொத மொதல்ல மீதி 1 எப்போ வரும்? அது வர்ற அடுக்கு எதுவோ, அதுக்கப்புறம் ஒண்ணு வர்ற எல்லா அடுக்கும் அதோட மடங்காத்தான் இருக்கும், ஏன்னா அங்க இருந்து வட்டம் திரும்ப மொதல்ல இருந்து சுத்துது. 31ல ஒண்ணு வருது, அதனால அந்த மொத அடுக்கு 31ஐ வகுக்கணும், 31 பகா எண், அப்போ அது 1 இல்லன்னா 31. 1ஆ இருக்க முடியாது, 2ஐயே வகுத்து மீதி 1 வரணும்னா ப 1ஆ இருக்கணும். அதனால 31தான். அப்போ ப−1 கூட 31ஓட மடங்கு. ப ஒத்தப்படை எண், ப−1 ரெட்டப்படை, ரெண்டையும் சேத்தா ப−1ங்கிறது 62ஓட மடங்கு.

அதாவது 63, 125, 187, 249, 311ன்னு 62 62ஆ தாண்டி போற எண்கள்ல மட்டும்தான் வகுத்தி இருக்க முடியும். இது நெஜமான்னு 2047ல சரிபாத்துக்கலாம், அங்க அடுக்கு 11, அதனால 22ஓட மடங்கு + 1 வரணும், 23 = 22 + 1, 89 = 88 + 1. கச்சிதமா உக்காருது.

ஸ்டெப் 4: இன்னும் பாதிய வெட்டுறது

2^31 = 1 தானே, ரெண்டு பக்கமும் 2ஆல பெருக்குங்க, 2^32 = 2. இடது பக்கம் 2^16ஓட ஸ்கொயர், அதாவது 65536ஓட ஸ்கொயர். அப்போ ப நம்ம நம்பர வகுக்கும்னா, ப-வோட உலகத்துல 2ங்கிறது ஒரு முழு வர்க்கம். எந்த பகா எண்ணுக்கு 2 வர்க்கமா வரும்னு பழைய தேற்றம் ஒண்ணு இருக்கு, 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 வர்ற பகா எண்ணுக்கு மட்டும்தான் வரும். நிரூபணம் கொஞ்சம் நீளம், இங்க விட்டுடுறேன், ஆனா சின்ன எண்கள்ல பாத்து திருப்தி ஆகிக்கலாம்: 7ல 3 × 3 = 9, மீதி 2. 17ல 6 × 6 = 36, மீதி 2. 23ல 5 × 5 = 25, மீதி 2. 3, 5, 11, 13 இதுல எல்லாம் எத ஸ்கொயர் பண்ணாலும் மீதி 2 வரவே வராது, முயற்சி பண்ணி பாருங்க.

62ஓட மடங்கு + 1 வரிசைய 8ஆல வகுத்துக்கிட்டே போனா மீதி 1, 7, 5, 3, திரும்ப 1, 7, 5, 3ன்னு சுத்தும். 5ம் 3ம் வர்றத தூக்கி போடுங்க. மிச்சம் ரெண்டே வகைதான்: 248ஓட மடங்கு + 1, 248ஓட மடங்கு + 63. 46340 வரைக்கும் மொத வகையில 186 எண், ரெண்டாவது வகையில 63ஐ தள்ளிட்டா அதுவும் 186, ஆக மொத்தம் 372. அந்த 372லயும் 3, 5, 7ன்னு வகுபடுறத அடிச்சுட்டா நெஜ பகா எண் 80 சொச்சம்தான் மிஞ்சும். 4700ல ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கிறோம்.

இத செஞ்சது சுவிட்சர்லாந்துல பொறந்த கணித மேதை ஆய்லர். 1772ல பெர்னூலிக்கு எழுதின லெட்டர்ல இந்த ரெண்டு வகையையும் சொல்லி, 46339 வரைக்கும் பாத்துட்டேன், எதுவும் வகுக்கலன்னு எழுதினாரு, அப்போ அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்தாரு, கண் பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்துச்சு. அவருக்கு முன்னாடி 1588லயே இத்தாலிக்காரர் கட்டால்டி 2^17 − 1ஐயும் 2^19 − 1ஐயும் ஒழுங்கா நிரூபிச்சிருந்தாரு, அதுக்கு மேல 23, 29, 31, 37 அடுக்குக்கும் பகா எண்தான் வரும்னு சொன்னாரு, அதுல சரியா போனது 31 மட்டும். மெர்சென் 1644ல போட்ட லிஸ்ட்லயும் 31 இருந்துச்சு, ஆனா அதே லிஸ்ட்ல 67, 257ன்னு தப்பும் இருந்துச்சு, 61, 89, 107 விட்டுப்போச்சு. அதனால ஆய்லர் வர்ற வரைக்கும் இத யாரும் உறுதியா சொல்ல வழியில்லாம இருந்துச்சு. அதுக்கப்புறம் பல பத்து வருஷத்துக்கு உலகத்துல தெரிஞ்ச பெரிய பகா எண் இதுதான்.

ஸ்டெப் 5: உக்காந்து வகுக்கிறது

பத்து இலக்க எண்ண நேரா வகுக்க வேணாம், ஸ்டெப் 4ல வந்த விஷயத்தையே சோதனையா வச்சுக்கலாம். 65536ஐ ப-வால வகுத்து மீதி எடுங்க. அந்த மீதிய ஸ்கொயர் பண்ணுங்க. திரும்ப ப-வால வகுங்க. மீதி 2 வந்தா ப நம்ம நம்பர வகுக்கும், வரலன்னா வகுக்காது. எந்த இடத்துலயும் பெரிய எண் வராது, அதுதான் இதுல வசதி.

வரிசையா போவோம். 249 = 3 × 83, வேணாம். 311 பகா எண். 311 × 210 = 65310, 65536ல கழிச்சா 226. 226ஓட ஸ்கொயர் 51076. 311 × 164 = 51004, மீதி 72. 2 வரல, அதனால 311 அவுட். சந்தேகமா இருந்தா நேராவே பாருங்க, 311 × 6905092 = 2147483612, நம்ம நம்பருக்கு 35 கம்மி. 72ல பாதி 36, அதுல ஒண்ணு கழிச்சா 35, கணக்கு பொருந்துது பாருங்க.

அடுத்து 497 = 7 × 71, 559 = 13 × 43, 745ல 5, 807லயும் 993லயும் 3, 1055ல 5, 1241 = 17 × 73. எல்லாம் போச்சு. 1303 பகா எண்: 1303 × 50 = 65150, மீதி 386, ஸ்கொயர் 148996, 1303 × 114 = 148542, மீதி 454. இல்ல. 1489 இன்னும் சுலபம்: 1489 × 44 = 65516, மீதி வெறும் 20, ஸ்கொயர் 400, அதுவே 1489ஐ விட சின்னது. 2 இல்ல, அவ்ளோதான்.

அப்புறம் 1551, 1737ல 3, 1799ல 7, 1985ல 5, அடுத்து வர்றது யாருன்னா நம்ம 2047, ஸ்டெப் 2ல பாத்த அதே 23 × 89. 2233ல 7, 2295ல 5, 2481ல 3. அடுத்த பகா எண் 2543, அத நீங்க போடுங்க, மீதி 505 வரணும்.

இப்படியே 46191 வரைக்கும் போகணும், அதுதான் நம்ம லிஸ்ட்டோட கடைசி எண். ஒரு எண்ணுக்கு ரெண்டு வகுத்தல், ஒரு ஸ்கொயர், கால்குலேட்டர் இருந்தா ஒரு ஞாயித்துக்கிழம மதியத்துல முடிச்சுடலாம். ஒண்ணுலயும் 2 வராது. முழுசா செஞ்சு முடிச்சா கையில இருக்கிறது உண்மையான நிரூபணம், ஏறக்குறைய எல்லாம் உறுதின்னு சொல்ற வகை கிடையாது.

ஸ்டெப் 6: வகுக்காமலே நிரூபிக்கிறது

ஃபிரெஞ்சு கணித மேதை லூக்காஸ் 1870கள்ல ஒரு வழி கண்டுபிடிச்சாரு, அமெரிக்காவோட டி. எச். லெமர் அப்புறம் அத சுத்தமா செதுக்கி கொடுத்தாரு. மெர்சென் எண்ணுக்கு மட்டுமே ஆன சோதனை இது. 4ல ஆரம்பிங்க. ஸ்கொயர் பண்ணி 2 கழிங்க, மெர்சென் எண்ணால வகுத்து மீதி எடுங்க. திரும்ப அதே. அடுக்குல ரெண்டு கம்மி எத்தனையோ அத்தன தடவ செய்யணும், கடைசில பூஜ்யம் வந்தா பகா எண், வரலன்னா இல்ல.

127க்கு போட்டு பாப்போம், அடுக்கு 7, அஞ்சு தடவ. 4, அப்புறம் 14, அப்புறம் 194ல 127 போக 67, 67ஓட ஸ்கொயர்ல 2 போக 4487, மீதி 42, அப்புறம் 1762, மீதி 111, அப்புறம் 12319, அது சரியா 127 × 97. பூஜ்யம். 2047க்கு ஒம்பது தடவ போட்டா 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736ன்னு போய் நிக்கும், பூஜ்யம் வரல, பகா எண் இல்ல. இதுல ஒரு விஷயம், 23னோ 89னோ காரணி எதுவும் இந்த சோதனை சொல்லாது, இல்லங்கிறத மட்டும் சொல்லும்.

நம்ம நம்பருக்கு 29 தடவ. 4, 14, 194, 37634, 1416317954, இது வரைக்கும் வகுக்கவே தேவையில்ல. அடுத்தது 669670838. அதுக்கப்புறம் பாக்க குப்பை மாதிரி எட்டுல இருந்து பத்து இலக்க எண்ணா வந்துகிட்டே இருக்கும், எந்த ஒழுங்கும் தெரியாது, 27ஆவது தடவ 1181536708, 28ஆவது தடவ திடீர்னு 65536. 29ஆவது பூஜ்யம். ஏன் பூஜ்யம்னு இப்போ உங்களுக்கே தெரியும், 65536ஓட ஸ்கொயர் 2^32, நம்ம உலகத்துல அது 2, ரெண்டுல ரெண்டு போனா பூஜ்யம்.

பெரிய எண்ண ஒவ்வொரு தடவையும் வகுக்கிறது கஷ்டமாச்சேன்னா, அதுக்கும் நம்ம சமன்பாடு உதவும். எந்த எண்ணையும் 2^31ஆல வகுத்து ஈவு, மீதி ரெண்டையும் எடுத்து கூட்டினா போதும், ஏன்னா 2^31ஓட மதிப்பு இங்க 1. கம்ப்யூட்டருக்கு 2^31ஆல வகுக்கிறது பிட்ட நகத்துறது மட்டும்தான், அதனால இதுல வகுத்தலே கிடையாது. இன்னிக்கு வரைக்கும் பெரிய பகா எண் தேடுறவங்க மெர்சென் எண்ணையே புடிச்சு தொங்குறதுக்கு பெரிய காரணம் இந்த சோதனைதான், 2024 அக்டோபர்ல அறிவிச்ச 2^136279841 − 1, 4 கோடியே 10 லட்சத்து சொச்சம் இலக்கம், அதுவும் இதே குடும்பம்.

ஒரு எச்சரிக்கை: நெட்ல ஃபெர்மா டெஸ்ட்னு ஒண்ணு சொல்வாங்க, 2^(எண்−1)ஐ அந்த எண்ணால வகுத்து மீதி 1 வந்தா அநேகமா பகா எண்னு. மெர்சென் எண்ணுக்கு 2ஐ வச்சு அத செய்யவே கூடாது. 2047ல 2^11 = 1, 2046 = 11 × 186, அதனால 2^2046 கூட 1, பகா எண் மாதிரியே நடிக்கும். 3ஐ வச்சு பண்ணா மாட்டிக்கும்.

ஸ்டெப் 7: இப்போ குணங்கள பாப்போம்

மொதல்ல 2ஆல பெருக்குறது. நம்ம உலகத்துல ஒரு எண்ண ரெண்டால பெருக்கினா அதோட 31 பிட்டும் ஒரு இடம் இடது பக்கம் நகரும், வெளிய விழுற பிட் கடைசில வந்து ஒட்டிக்கும். சின்ன தம்பி 31ல பாத்தா கண்ணுக்கு தெரியும், அங்க அஞ்சு பிட்: 11ங்கிறது 01011, ரெண்டால பெருக்கினா 22, 10110. திரும்ப பெருக்கினா 44, அதுல 31 போக 13, 01101. முன்னாடி இருந்த ஒண்ணு பின்னாடி வந்துருச்சு. நம்ம நம்பர்ல 31 தடவ ரெட்டிப்பாக்கினா எந்த எண்ணும் கெளம்பின இடத்துக்கே வந்துடும்.

ஸ்கொயர் ரூட் எடுக்கிறது இன்னும் அழகு. 4ஆல வகுத்தா மீதி 3 வர்ற பகா எண்ணுக்கு ஸ்கொயர் ரூட் எடுக்க, எண்ணோட ஒண்ணு கூட்டி 4ஆல வகுத்தத அடுக்கா போடணும்னு விதி. நமக்கு அது 2^31 / 4 = 2^29. அப்படின்னா ஒரு எண்ணோட ஸ்கொயர் ரூட் வேணும்னா அத 29 தடவ ஸ்கொயர் பண்ணிக்கிட்டே போனா போதும், பின்பக்கம் போய் சேர, முன்பக்கமாவே ஓடிக்கிட்டே இருந்தா போதும்ங்கிற மாதிரி ஒரு வழி! அந்த எண்ணுக்கு ரூட் இருக்கணும், அது மட்டும்தான் கண்டிஷன். மைனஸ் 1க்கு இங்க ரூட் கிடையாது, அதனாலயே 2147483647ஐ ரெண்டு முழு வர்க்கத்தோட கூட்டலா எழுதவும் முடியாது.

பெர்ஃபெக்ட் நம்பர் விஷயம் யூக்ளிட் காலத்துல இருந்து வருது. ஒரு எண்ணோட வகுத்திகள்ல அந்த எண்ண தவிர மத்தத கூட்டினா அதே எண் வரணும், 6 = 1 + 2 + 3 மாதிரி. 2^30ஐ நம்ம நம்பரால பெருக்குங்க, 2305843008139952128. இதோட வகுத்தி எல்லாம் 1, 2, 4ன்னு 2^30 வரைக்கும், அப்புறம் அதையே நம்ம நம்பரால பெருக்கினது. மொத வரிசைய கூட்டினா 2147483647, ரெண்டாவத சேத்து கூட்டினா அத 2147483648ஆல பெருக்கினது, அது சரியா அந்த பெரிய எண்ணுல ரெண்டு மடங்கு, அதுல அந்த எண்ணையே கழிச்சா மிச்சம் அதே எண். 1811ல இங்கிலாந்து கணக்கு எழுத்தாளர் பீட்டர் பார்லோ, இதுக்கு மேல பெரிய பெர்ஃபெக்ட் நம்பர் யாரும் தேடப்போறதில்லன்னு எழுதிட்டாரு, பிரயோஜனம் இல்லாத வேடிக்கை, யாரு மெனக்கெடுவாங்கன்னு. 1876லயே லூக்காஸ் 2^127 − 1ஐ நிரூபிச்சுட்டாரு.

அடுத்து ரேண்டம் நம்பர். நம்ம நம்பர்ல ஒண்ணு கழிச்சா 2147483646, அத பிரிச்சா 2 × 32767 × 32769. 32767 = 7 × 31 × 151, 32769 = 9 × 11 × 331. இந்த பிரிப்பு கையில இருக்கிறதால எந்த எண் எவ்ளோ பெரிய வட்டம் சுத்தும்னு கணிக்க முடியும். 2 வெறும் 31 படில திரும்பிடும். ஆனா 7ஐ அடுக்கிக்கிட்டே போனா 1ல இருந்து 2147483646 வரைக்கும் எல்லா எண்ணையும் ஒவ்வொரு தடவ தொட்டுட்டுத்தான் 1க்கு திரும்பும், அப்படி சுத்துற எண்கள்ல சின்னது 7தான். 7^5 = 16807க்கும் அதே குணம் உண்டு, ஏன்னா அந்த பிரிப்புல 5 இல்ல.

1969ல லூயிஸ், குட்மேன், மில்லர் மூணு பேரும் 16807ஐ வச்சு ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் போட்டாங்க, ஒவ்வொரு தடவையும் முந்தின எண்ண 16807ஆல பெருக்கி நம்ம உலகத்து மீதி எடுக்கிறதுதான் அது, 1988ல பார்க்கும் இன்னொரு மில்லரும் எல்லாரும் குறைஞ்சபட்சம் இதையாவது பயன்படுத்துங்கன்னு எழுதினாங்க, சி++ 11 ஸ்டாண்டர்டுல இன்னிக்கும் இருக்கு. 1ல ஆரம்பிச்சா மொதல்ல 16807, அடுத்து 282475249. அதுக்கு அடுத்தத கையால போடுவோம்: 16807ஆல பெருக்கினா 4747561509943. 2^31ஆல வகுத்தா ஈவு 2210, மீதி 1622647863. ரெண்டையும் கூட்டினா 1622650073, அதுதான் மூணாவது எண். நீங்க எழுதின கோடு சரியான்னு பாக்க 10000ஆவது எண்ண எடுங்க, 1043618065 வரணும், ஸ்டாண்டர்ட்லயே அப்படித்தான் போட்டிருக்கு. கேம், சின்ன சிமுலேஷனுக்கு இது ஓகே, பாஸ்வேர்டு ஓடிபி மாதிரி எதுக்கும் இத தொடாதீங்க, ஒரு எண் தெரிஞ்சா அடுத்தது எல்லாம் தெரிஞ்சுடும்.

2038 பிரச்சனைய சுருக்கமா சொல்லிடுறேன். யூனிக்ஸ் கடிகாரம் 1970 ஜனவரி 1ல இருந்து செகண்டா எண்ணிக்கிட்டு வருது, 32 பிட்ல வச்சிருக்கிற சிஸ்டத்துல அந்த எண்ணிக்கை 2147483647ஐ தொடுற நேரம் 2038 ஜனவரி 19, இந்தியா இலங்கை நேரப்படி காலைல 8 மணி 44 நிமிஷம் 7 செகண்ட். அடுத்த செகண்ட் 1901க்கு போயிடும். பகா எண்ங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, 31 பிட் நெறஞ்சு போகுது, அவ்ளோதான்.

ஸ்டெப் 8: இதையே அடுக்கா போட்டா

31ஏ ஒரு மெர்சென் பகா எண், 2^5 − 1. அத அடுக்கா போட்டுத்தான் நம்ம நம்பர் வந்துச்சு. 3ஐ அடுக்கா போட்டா 7, 7ஐ போட்டா 127, 31ஐ போட்டா 2147483647, 127ஐ போட்டா லூக்காஸோட 39 இலக்க எண், நாலும் பகா எண். அப்போ 2147483647ஐயே அடுக்கா போட்டா? 2^2147483647 − 1ல 64 கோடி இலக்கத்துக்கு மேல இருக்கும், முழுசா எழுதி பாக்கறதெல்லாம் வேலைக்கு ஆகாது. ஆனா ஸ்டெப் 3ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, அதோட வகுத்தி எதுவா இருந்தாலும் 2 × 2147483647ஓட மடங்கு + 1ஆத்தான் இருக்கணும், ஸ்டெப் 4படி 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7. அந்த மடங்குகள ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே போனா 68745ஆவது மடங்குல 295257526626031ன்னு ஒரு எண் வரும், 8ஆல வகுத்தா மீதி 7, அது வகுத்துடும். அதனால அந்த ராட்சஸ எண் பகா எண் இல்ல.

இதையும் நீங்களே பாக்கலாம். பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில பவ் (pow) ஃபங்ஷனுக்கு மூணு எண் கொடுங்க, மொதல்ல 2, அடுத்து 2147483647, மூணாவது 295257526626031, என்டர் தட்டின உடனே 1னு வரும்.